வாசல் இல்லாத தளம்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நடுவில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு இன்னும் அசிங்கம். பட்டாசுத் தொழிற்சாலையில் தரைச்சக்கரம் சுற்றும் அறையில் பிடித்த தீயிலிருந்து உயிரோடு வெளியே வந்த ஒரு பெண்மணிக்கு, வீட்டு முன்னால் போடுவதற்கு ஒரு செங்கல் தளம் வரைந்து கொடுத்தேன். எந்த வடிவத்தில் தெரியுமா? சக்கரத்தின் வடிவத்தில். நடுவில் ஒரு கல். அதைச் சுற்றி வட்டம் வட்டமாகக் கற்கள். ஓரத்தில் பொறி பறப்பதுபோல நான்கைந்து கல் சாய்வாக. அதைக் கலரில் பிரிண்ட் எடுத்து, லேமினேஷன் வேறு போட்டு, பல்லைக் காட்டிக்கொண்டு நீட்டினேன்.

என் தரப்பு நியாயம் ஒன்று உண்டு. அதுவும் பெரிய நியாயம் இல்லை. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் போடுவது என் பிழைப்பு. மயில், ரோஜாப்பூ, தொட்டிலில் கிடக்கும் குழந்தை, அந்தக் குழந்தையின் கையில் யார் கொடுத்தது என்றே தெரியாத ஒரு மத்தாப்பு. இப்படியே வருடக்கணக்காகப் போட்டதில், வட்டம் என்று யாராவது வாயைத் திறந்தாலே என் கை சக்கரம் போட்டுவிடும். அந்தப் பெண்மணி சொன்னது இவ்வளவுதான்: "எல்லாரும் வட்டமா உக்காந்து சாப்புடுற மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்க."

அவர் எனக்கு மதினி. சிவகாசிப் பக்கம் எம். புதுப்பட்டியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்த பங்காளி முறை அண்ணனின் மனைவி. அண்ணன் லாரிகளுக்குப் பட்டாசு லோடு ஏற்றுகிறவர். அவர்களுக்கு ஒரு மகள். மதினியும் அண்ணனின் தங்கச்சியும் ஒரே வெடி ஆபீசுக்கு வேலைக்குப் போனார்கள். எங்கள் பக்கத்தில் பட்டாசுத் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பேர். வெளியூர்க்காரர்கள் கேட்டால் பேனாவும் நாற்காலியுமாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு சீசனில் அந்த ஆபீசில் தீப்பிடித்தது. மதினி வந்தார். தங்கச்சி, அந்தச் சின்னவள், வரவில்லை. அவள் எனக்கும் தங்கச்சி முறை. நான் அப்போது வெளியூரில் படித்துக்கொண்டிருந்தேன். காரியத்துக்கு வந்து அழுதுவிட்டுப் போனேன். எந்த அறை, என்ன சரக்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

லேமினேஷன் போட்ட சக்கரத்தை மதினி ரொம்ப நேரம் பார்த்தார். பாராட்டப்போகிறார் என்று நான் கழுத்தைக் கொஞ்சம் நீட்டிக்கொண்டேன். அவர் தாளைக் கவிழ்த்துத் தரையில் போட்டு, அதன்மேல் குழம்புச் சட்டியை இறக்கி வைத்தார்.

"கொளுந்தனாரே, நான் எந்த ரூம்ல வேல பாத்தேன்னு தெரியுமா?"

"தெரியாது மதினி."

"சக்கரம் ரூம்ல."

மதினியே தட்டை எடுத்துப் போட்டார்.

"சரி, முழிக்காதீக. லேமினேசன் நல்லாத்தான் போட்டிருக்கீக, சூடு தாங்குது. சாப்பிட்டீகளா இல்லியா?"

அந்தச் சக்கரம் அவர் வீட்டில் ரொம்ப காலம் சட்டி வைக்கிற தாளாக இருந்தது. என் படைப்புகளிலேயே அதிக நாள் ஒருவருக்குப் பயன்பட்டது அதுதான்.

மதினியை ஊரில் உயிராசை பிடித்தவள் என்பார்கள். நேராக இல்லை; அவர் தெருவில் தலை மறைந்த பிறகு. காரணம் இதுதான்: எங்கே போனாலும், யார் வீட்டுக்குள் நுழைந்தாலும், அவர் முதலில் பார்ப்பது வெளியே போகிற வழியை. ஜவுளிக்கடைக்குப் போனால் சேலையைப் பார்க்கும் முன்னால் கடைக்குப் பின்கதவு இருக்கிறதா என்று பார்ப்பார். தியேட்டரில் படம் ஆரம்பிக்கும் முன்னால் மூன்று பக்கமும் நடந்துவிட்டு வருவார். "ஓடணும்னா எப்படி ஓட?" என்று ஒரு கேள்வி எப்போதும் அவர் வாயில் இருக்கும். புதிதாகக் குடிவந்த வாத்தியார் வீட்டில் பால் காய்ச்சிய அன்று அதைக் கேட்டதும், வாத்தியாரின் மனைவி ஏதோ பேய் வீட்டுக்கு வந்துவிட்டோம் போல என்று பயந்துபோனார்.

விருதுநகரில் ஒரு கல்யாணம். மண்டபத்துக்குள் நுழைந்ததும் மதினி பொண்ணு வீட்டாரைக்கூட விசாரிக்காமல் விறுவிறுவென்று பின்பக்கம் போனார். பின்பக்கம்தான் சமையல்.

"மதினி, இன்னும் தாலியே கட்டல. அதுக்குள்ள முதப் பந்தியா?" என்று நான் மண்டபம் கேட்கக் கத்தினேன்.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மதினியும் திரும்பி நின்று சிரித்தார். "ஆமா கொளுந்தனாரே. உங்களுக்கும் சேத்து ஒரு எலை போட்டு வைக்கட்டுமா?"

உண்மையில் அவர் அங்கே போய்ச் செய்தது, பின்கதவை மறித்து அடுக்கியிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரோரம் வைத்தது. பிறகு வந்து, எங்கள் சனத்தின் பிள்ளைகளையெல்லாம் கிளப்பி அந்தக் கதவுக்குப் பக்கத்து வரிசையில் உட்காரவைத்தார். கடைசியில் அவர் எங்கே உட்கார்ந்தார் என்று நான் கவனிக்கவில்லை. நான் அடுத்த பகடிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தேன்.

கவனித்தது பஸ்ஸில். சிவகாசிக்குத் திரும்புகிற பஸ். இரண்டு பேர் சீட்டில் மதினி உள்ளே ஜன்னலோரம் நுழைந்துகொண்டு என்னை வெளிப்பக்கம் உட்காரச் சொன்னார். காற்று வாங்குவதற்குத்தான் என்று நினைத்தேன். அதைச் சொல்லியும் காட்டினேன்: "நல்ல எடத்தப் புடிச்சுக்கிட்டு எனக்கு நடக்குறவுக இடியா?" அப்புறம் பார்த்தால் அந்த ஜன்னலின் ஷட்டர் இறங்கி மாட்டிக்கொண்டு கிடந்தது. ஒரு பொட்டுக் காற்றில்லை. கண்டக்டர், "முன்னாடி படிக்கட்டுப் பக்கம் எடம் இருக்கு, வாங்கம்மா" என்றார். மதினி என் முழங்கையைத் தள்ளினார். "நீங்க போங்க."

அப்போதுதான் எனக்கு மண்டபம் ஞாபகம் வந்தது. பிள்ளைகளைக் கதவோரம் உட்காரவைத்துவிட்டு, தூணும் சுவரும் சேருகிற மூலையில், நாலு பேரைத் தாண்டித்தான் வெளியே வர முடியும் என்கிற இடத்தில், ஒரு பச்சைச் சேலை தெரிந்தது. அது மதினி. தியேட்டரிலும் அப்படித்தான். சர்ச்சில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோதும் அப்படித்தான். வழியைத் தேடுவார், வழியோரம் அடுத்தவரை உட்காரவைப்பார், அவர் போய் உள்ளே உட்காருவார். உயிராசை பிடித்த ஒருத்தி செய்கிற காரியம் இல்லை அது. இதைக் கண்டுபிடித்த பிறகு நான் முன்னால் போகாமல் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டே வந்தேன். "என்ன, வயித்தக் கலக்குதா?" என்று மதினிதான் கேட்டார்.

மதினி இப்போது இல்லை. வெடியால் போகவில்லை, மூச்சுத் திணறல். விருதுநகர் பெரியாஸ்பத்திரியில் சுவரோரக் கட்டிலில் கிடந்தார். வாசலோரக் கட்டில் ஒன்று காலியானபோது நர்ஸ் வந்து அங்கே மாறிக்கொள்ளச் சொன்னார். மதினி எதிர்க்கட்டிலில் கிடந்த ஒரு பிள்ளையைக் காட்டினார். "அதுக்குக் குடுங்கம்மா. சின்னப் பிள்ள." நான் தலைமாட்டில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். உரித்த ஆரஞ்சை யாருக்கும் கொடுக்காமல் நானே தின்றுவிட்டேன். அதைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்புதான் நான் கடைசியாகக் கேட்டது. அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்லத் தெம்பில்லை. தளத்துக்கு வருகிறேன்.

அந்தக் காலத்தில் அண்ணன் மதினியோடு பேசமாட்டார். தீப்பிடித்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில், தங்கச்சியைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, மதினியிடம் ஒரு கேள்வி கேட்டார். "நீ எதுக்கு வாசல்ல இருந்த?" அதுதான் கடைசி. அடித்தால் அழலாம், ஏசினால் திருப்பி ஏசலாம். அவர் எதுவும் செய்யவில்லை. வேலைக்குப் போனார், வந்தார், சம்பளத்தை அரிசிப்பானைக்குப் பக்கத்தில் வைத்தார். சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்றார். மதினி பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் பாதிச் சோற்றில் எழுந்துவிடுவார். சோறு வீணாகிறதே என்று மதினி உட்காருவதை விட்டார்.

இந்த ஏற்பாட்டில் நான்தான் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கை தூரம் இருக்கும். நான் உட்கார்ந்திருப்பேன்.

"சீரகம் இல்லன்னு சொல்லுங்க கொளுந்தனாரே."

"சீரகம் இல்லியாம்ணே."

"எம்புட்டு வேணும்னு கேளு."

"எம்புட்டு மதினி?"

"நூறு."

"நூறாம்ணே."

"எனக்குக் காது கேக்கும்லே."

காது கேட்கிறதென்றால் நீங்களே பதில் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுக்கும். அண்ணன் லோடு தூக்குகிறவர். தோள் இரண்டும் அம்மிக்கல் மாதிரி இருக்கும். அதனால் சீரகத்தோடு நிறுத்திக்கொள்வேன்.

செங்கல் தளம் எதற்கு என்று நான் கேட்டபோது மதினி இதைத்தான் சொன்னார்: "உங்கண்ணன் என் கூட உக்காந்து ஒரு வேளச் சோறு திங்கணும். அதுக்குத்தான்."

"அதுக்கு எதுக்கு மதினி செங்கல்லு? ஒரு கோழி அடிச்சாப் போதுமே."

அவர் சிரிக்கவில்லை. "வீட்டுக்குள்ள ஒத்த வாசல்தான் கொளுந்தனாரே. எப்படி உக்காந்தாலும் ஒருத்தர் வாசப் பக்கம், ஒருத்தர் உள்ள. அவுகளுக்கு அதப் பாக்கப் புடிக்கல. வெட்ட வெளியில உக்காந்தா அது இல்லைல்ல? எல்லாப் பக்கமும் வாசல்தான்."

எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதியைப் புரிந்துகொள்வதற்குப் பதிலாகப் படம் போடப் புறப்பட்டேன்.

சக்கரம் சட்டிக்கு அடியில் போன பிறகு, மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள சிவகாசியில் பிரவுசிங் சென்டருக்குப் போய் உட்கார்ந்தேன். வெளிநாட்டு வீடுகளின் செங்கல் தளங்கள் ஒவ்வொன்றாக மேலிருந்து கீழாக இறங்கி வந்தன. ஒரு படம் முழுசாக இறங்குவதற்குள் வெளியே போய் டீ குடித்துவிட்டு வரலாம். எத்தனை விதம்! பாய் முடைந்த மாதிரிக் கல், மீன் முள் மாதிரிக் கல், விசிறி மாதிரிக் கல். எல்லாத் தளத்திலும் மேசை இருந்தது, நாற்காலி இருந்தது, மேசைமேல் எலுமிச்சம்பழம் மிதக்கிற தண்ணீர் இருந்தது. நான் அச்சகத்துத் தாளில் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன்.

மதினி ஒவ்வொன்றாகப் புரட்டினார். "ஆளுக எங்க?"

"போட்டோ எடுக்கையில தள்ளி நிக்கச் சொல்லிருப்பாக."

"ஓடிட்டாக போல. நல்ல எடந்தான்."

பிறகு அவர் செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் என் விரல்கள் தானாக மடங்கும். வலது கையின் இரண்டு விரலைக் கால்களாக்கி, படத்தின் நடுவில் நிறுத்துவார். விறுவிறுவென்று விரல்களை வெளிப்பக்கம் ஓடவிடுவார். ஏதாவது ஒன்றில் விரல் முட்டினால் படம் கீழே போய்விடும். நாலு மூலையிலிருந்தும், நடுவிலிருந்தும், சுவரோரத்திலிருந்தும் ஓடவேண்டும்.

சுற்றிலும் உட்காருவதற்குக் குட்டைச் சுவர் வைத்த தளம் ஒன்று, விரல் முட்டியது. பூந்தொட்டி வரிசை வைத்த தளம். விரல் ஒரு தொட்டியைத் தாண்டி அடுத்ததில் விழுந்தது. "புழுதிக்குள்ள மூஞ்சி," என்றார் மதினி. இரண்டு படி இறங்கிப் போகிற பள்ளத் தளம் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதை அவர் விரல் வைக்காமலே தள்ளினார். மல்லிகைக் கொடிப் பந்தலுக்கு, "மேல ஒண்ணும் வேணாம்" என்றார். மீன் முள் வரிசையை மட்டும் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தார். அழகு என்று வாய்விட்டே சொன்னார். அப்புறம் விரல் ஓடியது. கல்லின் போக்கிலேயே அங்கிட்டும் இங்கிட்டும் வளைந்தது. "கல்லு போற பக்கந்தான் காலு போகும். இது ஆளச் சுத்தவிடும்."

அடுத்த தாளைப் பார்த்ததும் எனக்கே திக்கென்றது. நான் சரியாகப் பார்க்காமல் எடுத்து வந்தது. தளத்தின் நடுவில் வட்டமாக ஒரு குழி.

"இது என்ன?"

"அது... செடி வைக்க மதினி."

"செடிக்குள்ள எதுக்கு வெறகு அடுக்கிருக்கான்?"

நான் கூரையைப் பார்த்தேன். அந்த ஊர்க்காரர்கள் குளிர் காய்வதற்காகத் தீ மூட்டுகிற குழி அது என்று கடைசியில் சொல்லவேண்டியதாகிவிட்டது. மதினி என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "ஏ அப்பா! மொதல்ல சக்கரம், இப்ப அடுப்பு. கொளுந்தனாரே, என்னயக் கொல்லணும்னா நேராச் சொல்லுங்க, நானே வந்து படுத்துக்கிடுதேன்." சிரிப்பு நின்ற பிறகும் தண்ணீர் நிற்கவில்லை. அதை அவர் முந்தானையால் துடைத்த விதத்தில், எதற்கு வந்த தண்ணீர் என்று கேட்கத் தோன்றவில்லை.

அன்றைக்குத்தான் சொன்னார். பேப்பர் குழாய் உருட்டிக்கொண்டே சொன்னார். மருந்து வைக்காத வெறும் காகிதக் குழாய். தீக்குப் பிறகு அந்த வேலையை மட்டும்தான் வீட்டில் வைத்துச் செய்தார்.

"நாலு வாசல் ரூம்தான் அது. சீசன் நேரம், ஆர்டர் கழுத்த நெரிக்கி. சரக்கு வைக்க எடமில்லாம மூணு வாசல்ல பெட்டிய அடுக்கிட்டாக. தொறந்து கெடந்தது ஒண்ணு. அதுல காலைலருந்து அவதான் இருந்தா."

சின்னவளுக்குப் புழுக்கம் ஆகாது. கோயிலில் சாமி கும்பிடும்போதுகூடக் காற்று வருகிற பக்கம் பார்த்துத்தான் நிற்பாள். காத்துக்காரி என்று நான்தான் அவளுக்குப் பட்டம் வைத்திருந்தேன். வேலைக்குப் போனால் முதல் ஆளாகப் போய் வாசலோரம் இடம் பிடிப்பாள்.

"மத்தியானம் எனக்கு வேர்வ தாங்கல. ஏத்தா, செத்த எடம் மாத்திக்கிடுவமா, காத்து வரும்னேன். உடனே எந்திரிச்சுட்டா. வாங்க மதினின்னா."

குழாய் உருண்டுகொண்டே இருந்தது.

"அம்புட்டுத்தான்" என்றார்.

நான் மடியில் இருந்த தாளில் எதுவும் வரையாத இடத்தை ரப்பர் வைத்து அழித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அந்தத் தாளிலேயே ஒரு பெரிய நீள்சதுரம் போட்டேன். வீட்டுச் சுவரிலிருந்து தெருவரைக்கும் நேர்நேராகக் கோடுகள் இழுத்தேன். எல்லாக் கல்லும் வெளியே பார்த்துப் படுத்திருந்தன. குட்டைச் சுவர் இல்லை, படி இல்லை, தொட்டி இல்லை, பந்தல் இல்லை. மதினியின் விரல்கள் நாலு மூலையிலிருந்தும் ஓடிப் பார்த்தன. எங்கும் முட்டவில்லை. கடைசியில் தாளைத் தாண்டி என் முழங்காலில் வந்து நின்றன.

"இதுக்கா இம்புட்டு நாளு படம் போட்டீக?" என்றார்.

ஆலங்குளம் பக்கத்திலிருந்து ஒரு கொத்தனார் வந்தார். எங்கள் ஊர் கரிசல் மண். மழைக்கு ஊதும், வெயிலுக்கு வாய் பிளக்கும். மேலே என்ன போட்டாலும் தூக்கிவிடும். அதனால் முழங்கால் ஆழத்துக்குக் கரிசலை வெட்டி எடுத்துவிட்டு, கிராவல் கொட்டி, தண்ணீர் ஊற்றி இடித்து, அதன்மேல் மணல் விரித்துச் செங்கல் பாவவேண்டும் என்றார். மதினி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சண்டை வந்தது இரண்டு இடத்தில்.

"நீட்டு வாக்குல பாவுனா கல்லு நகரும்மா. குறுக்க போட்டாத்தான் ஒண்ணுக்கொண்ணு புடிச்சு நிக்கும்."

"நகந்தா திரும்ப வச்சுக்கிடுதேன். நீட்டுக்குத்தான் போடணும்."

"சரி. ஓரத்துலயாவது ஒரு வரி ஒசத்திக் கட்டிக்கிடுவோம். இல்லன்னா மழைக்குத் தெருத்தண்ணி உள்ள வரும்."

"தடுக்கும்."

"என்ன தடுக்கும்?"

"காலு."

கொத்தனார் என்னைத் தனியே கூப்பிட்டு, அம்மாவுக்குக் காலில் ஏதும் குறையா என்று கேட்டார். நான் சுருக்கமாகச் சொன்னேன். அவர் பீடியை அணைத்துவிட்டுப் போய், ஓரத்துக் கற்களையெல்லாம் குத்தாக நிறுத்தி மண்ணுக்குள் இறக்கினார். தலை மட்டும் தரையோடு தரையாகத் தெரிந்தது. தண்ணீர் தெருப்பக்கம் ஓடுகிற மாதிரி வாட்டம் வைத்தார். தளம் எங்கே முடிந்து தெரு எங்கே தொடங்குகிறது என்று வெறுங்காலுக்குத் தெரியாது. நானும் உதவினேன். என் உதவியால் இரண்டு கல் உடைந்தது, என் கட்டைவிரல் நகம் கறுத்தது.

தளம் முடிந்தது. அண்ணன் அதில் கால் வைக்கவில்லை. ஓரமாகச் சுற்றி வீட்டுக்குள் போனார். ஓரமாகச் சுற்றி வேலைக்குப் போனார்.

"காயட்டும்னு நெனைக்காரு மதினி" என்றேன்.

காய்வதற்கு அதில் சிமெண்டே கிடையாது. மதினிக்கும் தெரியும். "இருக்கும்" என்றார்.

அந்தி சாய்ந்ததும் மதினி தளத்தைக் கூட்டித் தண்ணீர் தெளிப்பார். பகலெல்லாம் வெயில் குடித்த செங்கல் சுர்ரென்று உறிஞ்சும். பாய் விரித்து, மகளுக்கு ஒரு தட்டு, எனக்கு ஒரு தட்டு, அவருக்கு ஒன்று. அண்ணனின் தட்டு வாசலுக்கு உள்ளே. பக்கத்து வீட்டுப் பெண்கள் குழாய்க் கட்டோடு வந்து உட்காருவார்கள். எல்லோரையும் தெருப்பக்கமாகவே உட்காரவைத்துவிட்டு மதினி மட்டும் வீட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொள்வார். எல்லாப் பக்கமும் வாசல் உள்ள இடத்திலும் அவர் ஓர் உள்பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

இன்னொன்றும் கவனித்தேன். தெருவை ஒட்டி, எதிர்வீடுகள் இரண்டுக்கும் நடுவில் உள்ள சந்து வழியாகக் காற்று நேராக வந்து விழுகிற ஓர் இடம். ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காருகிற அளவு. அங்கே மட்டும் மதினி பாய் விரிக்கமாட்டார். யாராவது உட்காரப்போனால், "இங்கன வாங்க, இங்கன" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொள்வார். நான் என் பையை அங்கே வைத்தேன். எழுந்து வந்து எடுத்துத் தள்ளி வைத்தார்.

"என்ன மதினி?"

"கல்லு ஆடுது."

நான் போய் அந்தக் கல்லின்மேல் ஏறி நின்று குதித்துப் பார்த்தேன். ஆடவில்லை. இன்னொரு தடவை குதித்தேன். மதினியின் மகள் சிரித்தாள். மதினி சிரிக்கவில்லை. "ஆடுதுன்னா ஆடுது, எறங்குங்க" என்றார். கொத்தனாரின் வேலையைக் குறை சொல்கிறாரே என்று எனக்கு அவர்மேல் கொஞ்சம் கோபம்கூட வந்தது. நான் எவ்வளவு பெரிய அறிவாளி என்று இதற்குமேல் நான் நிரூபிக்க வேண்டியதில்லை.

தீபாவளி லோடெல்லாம் ஓய்ந்துவிட்ட ஒரு சாயங்காலம். நான் அச்சகத்திலிருந்து வந்து மொபெட்டைத் தளத்தோரம், சந்துக் காற்று விழுகிற அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, சோற்றுப் பானையில் குனிந்திருந்த மதினியிடம் ஏதோ அளந்துகொண்டிருந்தேன். அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். தெருவிலேயே நின்றார்.

"வண்டிய எடுலே."

அவர் சைக்கிளுக்கு இடம் கேட்கிறார் என்று நினைத்து எடுத்தேன். சைக்கிளை அவர் அங்கே நிறுத்தவில்லை. எதிர்வீட்டுச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். மொபெட் நின்ற இடத்தில் ஒரு துளி ஆயில் சிந்தியிருந்தது. தோள் துண்டை எடுத்து, குனிந்து, அதைத் துடைத்தார். பிறகு அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு, தளத்தின்மேல் நடந்து வீட்டுக்குள் போனார். மதினி கையில் இருந்த கரண்டி சோற்றுப் பானைக்குள் நிற்கிறதா வெளியே நிற்கிறதா என்று தெரியாமல் நின்றது.

அண்ணன் கைகால் கழுவிவிட்டுத் தட்டோடு வெளியே வந்தார். எங்கள் பக்கம் வரவில்லை. வீட்டுச் சுவரோரம், மதினிக்குப் பக்கத்தில், ஒரு தட்டு வைக்கிற இடைவெளி விட்டு உட்கார்ந்தார். சுவரில் முதுகைச் சாய்த்தார். மதினி சோறு போட்டார், குழம்பு ஊற்றினார். அண்ணன் பிசைந்து தின்றார். எழுந்துவிடுவார், இதோ எழுந்துவிடுவார் என்று நான் அவர் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழவில்லை.

"மோரு" என்றார் அண்ணன்.

என் எக்ஸ்சேஞ்ச் வேலைக்கு நான் வாயைத் திறந்தேன். "மோராம் மதி..." என்பதற்குள் மோர் தட்டில் இறங்கிவிட்டது. மதினி ஊற்றிய வேகத்தில் கொஞ்சம் செங்கலில் சிந்தியது. செங்கல் குடித்துக்கொண்டது. மகள் என்னைப் பார்த்தாள். நான் எங்கேயோ பார்த்தேன்.

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்தவன் எவனும் சக்கரம் வரைந்து கொண்டுபோயிருக்கமாட்டான். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. தளம் ஜெயித்துவிட்டது, நான் போட்ட கோடு ஜெயித்துவிட்டது. ஆனால் பாருங்கள், இவ்வளவு பெரிய தளத்தில் இரண்டு பேரும் பல்லி மாதிரிச் சுவரில் ஒட்டிக்கொண்டு வேர்த்து வழிகிறார்கள். அந்தப் பக்கம் சந்துக் காற்று சும்மா வந்து விழுந்துகொண்டிருக்கிறது.

"ஏண்ணே, காத்து வர்ற எடம் அம்புட்டும் காலியாத்தான கெடக்கு? ரெண்டு பேரும் அங்கன போயி உக்காந்து சாப்பிடலாம்ல?" என்றேன்.

அண்ணன் சோற்றிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அங்கன ஆளு இருக்குலே."